மண்ணு இன்னும் ஈரம்

மூன்று நாள் விடாமல் அடித்த மழை நின்ற விடியற்காலையில், ஓட்டிலிருந்து சொட்டிய தண்ணீரும் ஓய்ந்த பிறகு, மேற்கே மலைப்பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்க ஆரம்பிக்கும். ஏழெட்டு வீடுகளில் பெண்கள் ஒரே நேரத்தில் ராகிக் கல்லைச் சுற்றினால் எப்படியிருக்குமோ அப்படி, நிற்காமல், இளைப்பாறாமல், ஒரே சீராக. படுத்த பாயிலிருந்தே "அப்பி வுட்டுச்சு" என்பார் அப்பா. அப்பி என்றால் கன்னடத்தில் அருவி. தமிழ் பேசும் வீடு, தெலுங்கு பேசும் வீடு, கன்னடம் பேசும் வீடு என்று மூன்றும் கலந்து கிடந்த எங்கள் ஊரில் எல்லோருக்கும் அது அப்பிதான். 'அருவி' என்ற சொல்லைப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்தபோது, அது வேறு யாருடைய ஊரிலோ இருக்கும் பெரிய சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டேன்.

உத்தனப்பள்ளிக்கும் கெலமங்கலத்துக்கும் நடுவே, ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி, ஒரு மலையின் காலடியில் இருந்தது எங்கள் ஊர். அப்பி இருந்தது அந்த மலையின் முக்கால் உயரத்தில். காலையில் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம். இருந்தும் ஊரில் பெரும்பாலோர் அதைக் கண்ணால் பார்த்ததில்லை என்றால் நம்புவீர்களா? இதில் மர்மம் ஒன்றுமில்லை. அந்த மலையில் ஊற்று கிடையாது. பெருமழை பெய்தால் நாலைந்து நாள் தண்ணீர் விழும், பிறகு பாறையில் ஒரு கறுப்புக் கோடு மட்டும் மிஞ்சும். மானாவாரிக்காரர்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத நாட்களும் அந்த நாலைந்து நாட்கள்தான். அப்பியில் தண்ணீர் இருக்கும்போது எங்களுக்கு நேரமில்லை, எங்களுக்கு நேரமிருக்கும்போது அப்பியில் தண்ணீர் இல்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். எங்களுக்குக் காதுக்கு எட்டியது கண்ணுக்கு எட்டவில்லை. ஆடு மேய்ப்பவர்களும், ஊர் வேலைக்கு உதவாத சில சோம்பேறிகளும்தான் அதைப் பார்த்த பாக்கியசாலிகள்.

என் அம்மா சாக்கம்மா, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பன்னிரண்டு வருஷம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே குனிந்து வேலை செய்தவள். அவள் பிறந்தது கல்லாவிப் பக்கம், சமதரையில். மலையிலிருந்து தண்ணீர் விழுவது என்பதே அவளுக்கு யாரோ சொன்ன கதை மாதிரி. ஆட்டுக்காரர்கள் யாராவது வந்தால் விடமாட்டாள்: "ஏண்ணா, அது நூலாட்டம் வுழுவுதா, சேலையாட்டம் வுழுவுதா?" அவர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். அவளும் கேட்டுவிட்டுப் போய் வேலையைப் பார்ப்பாள். அம்மாவை நினைத்தால் எனக்கு முதலில் அவள் முகம் ஞாபகம் வருவதில்லை, அவளுடைய அசதிதான் வருகிறது. உட்கார்ந்த இடத்திலேயே, களி கிண்டிய துடுப்பு கையிலிருக்கும்போதே, இரண்டு நிமிஷம் கண்ணை மூடித் திறப்பாளே, அது. எனக்கு இப்போது எழுபதுக்கு மேல் ஆகிறது. நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும்போது எனக்கும் அப்படிக் கண் மூடிக்கொள்கிறது. ஆனால் அவளுக்கு அப்போது முப்பது வயதுகூட இல்லை.

அம்மாவுக்கு ஊரில் ஒரு பெயர் இருந்தது; அதை இங்கே சொல்லியாக வேண்டும். மழை விட்டதும் யாரும் உடனே காட்டில் கால் வைக்கமாட்டார்கள். காடு என்றால் எங்கள் பக்கம் மானாவாரி நிலம். ஈரம் அதிகமிருந்தால் விதை அழுகும், கட்டி விழும். ஈரம் போய்விட்டால் முளைக்காது. இரண்டுக்கும் நடுவே ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை நாள், மண் சரியாக இருக்கும். அதற்குப் பெயர் 'பதம்'. விடிகாலையில் காட்டுக்குப் போய், ஒரு பிடி மண்ணை எடுத்து உருண்டை பிடித்து, இடுப்பு உயரத்திலிருந்து போட வேண்டும். உருண்டை அப்படியே கிடந்தால் இன்னும் ஈரம். பொலபொலவென்று உதிர்ந்தால் பதம் வந்துவிட்டது. கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் எவ்வளவு அழுத்திப் பிடிப்பது என்பதில்தான் விஷயம். அழுத்திப் பிடித்தால் எந்த மண்ணும் உருண்டையாகத்தான் நிற்கும். அம்மாவின் பிடி தப்பாது என்று ஊரே நம்பியது. "சாக்கம்மாவ ஒரு தடவ வரச் சொல்லு" என்று பக்கத்துக் காட்டுக்காரர்கள் கூப்பிட்டு அனுப்புவார்கள்.

அப்பாவின் கை அதற்கு உதவாது. மழை பொய்த்த வருஷங்களில் அவர் பெங்களூர்ப் பக்கம் கல்லுடைக்கப் போகிறவர். உள்ளங்கை காய்த்துத் தோல் தடித்து, இரண்டு விரல் நுனி நசுங்கி உணர்ச்சி செத்திருந்தது. "என் கைக்கு மண்ணும் ஒண்ணுதான் கல்லும் ஒண்ணுதான், நீ பாத்துச் சொல்லு" என்பார் அம்மாவிடம். வீட்டில் மற்ற எல்லாவற்றுக்கும் அவர் சொல்வதே சட்டம். மண்ணுக்கு மட்டும் அம்மா சொல்வது சட்டம்.

நான் சொல்லும் வருஷம் ஐம்பதுகளின் நடுவில் வந்தது. நம் ஊர் மெட்ராஸோடு இருக்குமா மைசூரோடு போகுமா என்று பெரியவர்கள் டீக்கடையில் மூன்று பாஷையிலும் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம். எனக்குப் பத்து வயது, தம்பிக்கு மூன்று. அதற்கு முந்தைய இரண்டு வருஷமும் மழை இல்லை. இரண்டு வருஷமும் அப்பா தையில் உளியையும் சுத்தியலையும் சாக்கில் கட்டிக்கொண்டு போய், ஆனியில்தான் திரும்பினார். இரண்டாம் தடவை வந்தபோது தம்பி அவரை யாரோ என்று நினைத்து அழுதான். அன்றைக்கு அப்பா எல்லோர் முன்னாலும் சொன்னார்: "இந்த வருசம் ராயி வூடு வந்து சேந்துச்சுன்னா, நான் கல்லுக்குப் போவல. சத்தியமா போவல." ராயி என்றால் ராகி. ஆக, அந்த ஆடியில் எங்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: காலத்தில் விதைத்து, ராகி விளைந்து, அப்பா வீட்டிலிருப்பது. அந்த வயதிலேயே அது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆடியில் மழை வந்தது. மூன்று நாள் ஊற்றியது. நாலாம் நாள் விட்டது, அப்பியின் சத்தம் கேட்டது. அன்று பூராவும் காட்டில் சேறு. ஐந்தாம் நாள் விடியலில் அம்மா மண் பார்க்கக் கிளம்பினாள். நானும் கூடப் போனேன், மழைக்குப் பிறகு வரப்பில் ஊரும் சிவப்புத் தம்பலப்பூச்சிகளைப் பிடிக்க.

நான் பூச்சியோடு திரும்பிய நேரத்தில் அம்மா நடுக்காட்டில் நின்றிருந்தாள். ஒரு பிடி மண்ணை எடுத்தாள், பிடித்தாள், போட்டாள். உருண்டை கீழே விழுந்ததும் உதிர்ந்தது. இன்னொரு இடத்துக்குப் போய் இன்னொரு பிடி எடுத்துப் போட்டாள். அதுவும் உதிர்ந்தது. பிறகு அவள் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்குச் சத்தம் நன்றாகக் கேட்டது. எவ்வளவு நேரம் நின்றாள் என்று சொல்லத் தெரியவில்லை. என் கையிலிருந்த பூச்சி மணிக்கட்டுவரை ஏறிவிட்டது. அப்புறம் உதிர்ந்து கிடந்த மண்ணைக் காலால் தேய்த்துச் சமமாக்கிவிட்டு, திரும்பி நடந்தாள்.

வீட்டு வாசலில் அப்பா காளைகளுக்குத் தவிடு வைத்துக்கொண்டிருந்தார். "என்னாமே?" என்றார்.

"மண்ணு இன்னும் ஈரம். ரெண்டு நாளாவும்" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு, ஒரு மூச்சு விட்டு, "அப்பிக்குப் போயிட்டு வரலாமா?" என்று கேட்டாள்.

அவள் அவரிடம் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. திருவிழாவுக்கு வளையல்கூடக் கேட்கமாட்டாள். அப்பா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இத்தினி நாளா கேக்காம இப்பத்தான் கேக்கத் தோணிச்சா? சரி, கட்டு களிய."

கிளம்புவதற்குமுன் அப்பா நாராயணப்பா வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். நாராயணப்பா தெலுங்குக்காரர், ஊருக்கு ஒரே 'கொர்ரு' அவருடையது. மூங்கில் குழாய்கள் வைத்து, ஒரே ஓட்டில் நாலைந்து சாலில் விதை விடும் கருவி அது. மலையோரம் இருக்கும் மேட்டுக் காடு முதலில் காயும் என்பதால் கொர்ரு மேலே ஆரம்பித்து வரிசையாகக் கீழே இறங்கும். அது உங்கள் காட்டுக்கு வரும்போது நீங்கள் விதையோடும் மாட்டோடும் அங்கே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அடுத்த காட்டுக்குப் போய்விடும், கீழ்க்கோடி முடியும்வரை மேலே வராது. "கொர்ரு பின்னால திரும்பாது" என்பது ஊர்ப் பேச்சு. எங்கள் காடு வரிசையில் இரண்டாவது. முதல் காடு சென்னப்பாவுடையது. "மா சேனு இங்கா தடிகா உந்தி," எங்கள் காடு இன்னும் ஈரமாக இருக்கிறது என்று அப்பா தெலுங்கில் சொல்ல, நாராயணப்பாவும் சரியென்று தலையாட்டியிருக்கிறார். சாக்கம்மா கை சொன்ன பிறகு அதில் மறுபேச்சு என்ன?

ராகிக் களி நாலு உருண்டை, கொள்ளுத் துவையல், ஒரு வெல்லக் கட்டி. தம்பி அப்பாவின் தோளில். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதை நான் இன்னும் மறக்கவில்லை. அம்மா என் கையைப் பிடித்து நடப்பவள் இல்லை, அவளுக்கு எப்போதும் இரண்டு கையிலும் ஏதாவது சுமை இருக்கும். அன்று வழி பூராவும் விடவில்லை. எனக்கு ஒரே பெருமை.

மழையில் குளித்த மலை எப்படியிருக்கும் என்று நான் வர்ணித்துக் கிழிக்கப் போவதில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும், பார்க்காதவர்களுக்குச் சொன்னாலும் தெரியாது. சீத்தாப்பழச் செடிகள் புதிதாகத் துளிர்த்திருந்தன. உண்ணிப்பூப் புதர்களுக்கு நடுவே ஆடுகள் போட்ட தடம்தான் பாதை. அதிலும் தண்ணீர் ஓடியது, நாங்கள் கணுக்கால் தண்ணீரில் மேலே ஏறினோம். பாறைகளெல்லாம் ஈரத்தில் கறுத்து, காலை வெயில் பட்ட இடத்தில் ஆவி விட்டன. அப்பா அன்று போல் பேசி நான் கேட்டதேயில்லை. எங்கள் காளைகளுக்குத் தெலுங்கு மட்டும்தான் புரியும், தமிழில் திட்டினால் ரோஷமே வராது, அதனால்தான் தனக்குத் தெலுங்கில் கெட்ட வார்த்தை அதிகம் தெரியும் என்று சொல்லிச் சிரித்தார். தம்பி அவர் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு "ஹை, ஹை" என்று மாடு ஓட்டினான்.

பாதி வழியில் ஒரு பாறையில் இளைப்பாற உட்கார்ந்தபோது அப்பா சாதாரணமாக என்னைக் கேட்டார்: "காத்தால நீயும் அம்மாகூடக் காட்டுக்குப் போனியே, மண்ணு எப்படி இருந்துச்சு?"

என் கையைப் பிடித்திருந்த அம்மாவின் கை இறுகியது. அவள் என்னைப் பார்க்கவில்லை, எதிரே ஒரு புதரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு எல்லாம் தெரிந்தது. உதிர்ந்த மண் தெரிந்தது, கொர்ரு திரும்பாது என்பது தெரிந்தது, ராகி வராவிட்டால் அப்பா உளியை எடுத்துக்கொண்டு போவார் என்பதும் தெரிந்தது. சொன்னால் இங்கேயே திரும்பிவிடுவோம் என்பதும் தெரிந்தது. மேலே, மிகக் கிட்டத்தில், அப்பி இரைந்துகொண்டிருந்தது.

"கையில ஒட்டுச்சுப்பா" என்றேன்.

"பாத்தியா, உன் பொண்ணுக்கும் கை வந்துருச்சு" என்று அப்பா அம்மாவைக் கேலி செய்தார். அம்மா வெல்லக் கட்டியைப் பல்லால் கடித்து, பெரிய துண்டை எனக்குக் கொடுத்தாள்.

இன்னும் கொஞ்சம் ஏறியதும் ஒரு ஆட்டுக்காரக் கிழவர் எதிரே இறங்கி வந்தார். எங்களைப் பார்த்து நின்று, "ஏனம்மா, ஹொல பிட்டு அப்பி நோடோக்கெ ஹோக்தீரா?" என்றார் கன்னடத்தில். என்னம்மா, காட்டை விட்டுவிட்டு அப்பி பார்க்கப் போகிறீர்களா என்று கேட்கிறார். ஆடு மேய்ப்பவருக்குக்கூட அன்று என்ன நாள் என்று தெரிந்திருக்கிறது. அம்மா நிற்காமல், "ஹொல இன்னூ ஹசி" என்று சொல்லிவிட்டு நடந்தாள். காடு இன்னும் ஈரமாம். விடிந்து மூன்று மணி நேரத்துக்குள் எங்கள் குடும்பம் அந்த ஒரு பொய்யைத் தமிழில், தெலுங்கில், கன்னடத்தில் என்று மூன்றிலும் சொல்லி முடித்துவிட்டது. எல்லை எந்தப் பக்கம் போனாலும் எங்கள் பொய் செல்லும்.

பிறகு ஒரு பாறையைச் சுற்றித் திரும்பினோம், அப்பி எதிரே இருந்தது.

அது நூலும் இல்லை, சேலையும் இல்லை. மேலே ஒரு பாறை விளிம்பில் செம்மண் கலந்து பழுப்பாகத் திரண்டு, கொஞ்சம் தயங்கி, விழ ஆரம்பித்ததும் வெள்ளையாகி, நடுவிலிருந்த ஒரு திட்டில் மோதி இரண்டாகப் பிரிந்து, கீழே மறுபடியும் ஒன்றாகச் சேர்ந்தது. கீழே ஒரு பள்ளத்தில் தண்ணீர் சுழன்றது. காற்று திரும்பும்போதெல்லாம் தூவானம் எங்கள்மேல் வந்து படிந்தது; கண் இமையில் தண்ணீர் நின்றது. சத்தம் காதில் மட்டுமில்லை, நெஞ்செலும்பிலும் அடித்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அதற்குப் பிறகு நான் எத்தனையோ அருவிகளைப் பார்த்திருக்கிறேன், ஒகேனக்கல்லைப் பார்த்திருக்கிறேன், சுற்றுலா பஸ்ஸில் போய்ப் பெரிய பெரிய அருவிகளில் காசு கொடுத்துக் குளித்திருக்கிறேன். எதிலும் அப்படி நின்றதில்லை.

அம்மா ஒரு பாறையில் உட்கார்ந்தாள். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். கொண்டையை அவிழ்த்துவிட்டாள், பகலில் அவள் தலைமுடி அவிழ்ந்து நான் பார்த்தது அன்றுதான். நான் அருவியைப் பார்ப்பேன், திரும்பி அம்மாவைப் பார்ப்பேன், அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆசையாகப் பார்க்கிறாள் என்று நினைத்து நான் சிரிப்பேன். தம்பி, தோளில் ஆடிவந்த களைப்பில், அம்மாவின் மடியில் போட்டதும் தூங்கிப்போனான். அந்த இரைச்சலிலும் விழிக்கவில்லை.

அப்பா குளித்தார். பிறகு வேட்டியைப் பிழிந்துகொண்டே பாறையின் விளிம்புக்குப் போனார். அங்கிருந்து ஊர் தெரியும். எங்கள் ஓட்டு வீடு, புளியமரம், கோயில், காடுகள் எல்லாம் துண்டு துண்டாக, சிவப்பாக. நானும் அவர் பக்கத்தில் போய் நின்றேன். சென்னப்பா காட்டில் இரண்டு வெள்ளைப் பொரி மாதிரி ஏதோ நகர்ந்தது. நாராயணப்பாவின் காளைகள். பின்னால் புள்ளியாக ஆட்கள். கொர்ரு ஓடிக்கொண்டிருந்தது.

சென்னப்பா காடும் எங்கள் காடும் ஒரே வரப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருப்பவை. அங்கே பதம் வந்தால் இங்கே வராமல் இருக்காது. அப்பாவுக்கு அது தெரியும். அவர் வேட்டியைப் பிழிவதை நிறுத்திவிட்டார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பொரிகள் சென்னப்பா காட்டை முடித்து, வரப்போரமாக நடந்து, எங்கள் காட்டைத் தாண்டி, மூன்றாவது காட்டில் இறங்கின.

நான் அப்பாவின் முகத்தைப் பார்க்கப் பயந்து அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா எழுந்து நின்றிருந்தாள், தம்பியை மார்போடு சேர்த்துக்கொண்டு. அவளுக்கு அங்கிருந்து ஊர் தெரியாது. அப்பாவின் முதுகு மட்டும்தான் தெரியும். அதுவே போதுமாக இருந்தது போலிருக்கிறது.

ஓடினாலும் பயனில்லை. நாங்கள் இறங்கிச் சேர்வதற்குள் கொர்ரு பாதிச் சரிவுக்குப் போயிருக்கும். அப்பா திரும்பி வந்து உட்கார்ந்து, களிப் பொட்டலத்தை அவரே பிரித்தார். "வந்ததே வந்தோம், துன்னுட்டு நெதானமா எறங்கலாம்" என்றார். அம்மாவின் முகத்தைப் பார்க்காமலேதான் சொன்னார். ஆளுக்கு ஒரு உருண்டை. அம்மா பாதியைத் திரும்பக் கட்டிவைத்தாள். இறங்கும்போது அவர் மாடுகளைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் வழுக்கும் இடங்களில் நின்று, அம்மாவுக்குக் கை கொடுத்து இறக்கிவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் அதை இழுத்துச் சொல்லத் தெம்பில்லை. அன்று சாயங்காலமே ஆடிக் காற்று பிடித்துக்கொண்டது. கொர்ரு கீழ்க்கோடி முடித்து எங்களிடம் வந்தபோது மண் அப்பளமாகக் காய்ந்திருந்தது. அடுத்த மழை பிந்தி, ஒப்புக்கு வந்தது. அப்பா கையால் விசிறி விதைத்தார். சொட்டை விழுந்த தலை மாதிரி இங்கொன்றும் அங்கொன்றுமாக முளைத்தது. சென்னப்பா வீட்டுக் களத்தில் ராகிக் குவியல் மூன்று நாள் கிடந்தது. எங்களுடையதை அம்மா ஒரே நாளில் முறத்தில் புடைத்து முடித்துவிட்டாள்.

ஊர் சும்மா விடுமா? சாக்கம்மா கை எப்படித் தப்பியது என்று கேட்டார்கள். அப்பா முந்திக்கொண்டார்: "அவ சரியாத்தான் சொன்னா. நாந்தான் அப்பி பாக்கணும்னு இழுத்துகினு போயிட்டேன்." அவ்வளவுதான், அவருக்கு 'அப்பிக்காரன்' என்று பெயர் விழுந்தது. விதைப்பு நாளில் அருவி பார்க்கப் போன மகாராஜா என்று சின்னப் பையன்கள்கூடச் சிரித்தார்கள். சாகும்வரை அந்தப் பெயர் அவரை விடவில்லை. அவரும் ஒரு நாளும் அதை மறுக்கவில்லை. அம்மா மட்டும் அதற்குப் பிறகு யார் வந்து மண் பார்க்கக் கூப்பிட்டாலும் "கை மரத்துப்போச்சு" என்று சொல்லிவிடுவாள்.

தையில் அப்பா உளியைக் கட்டிக்கொண்டு போனார். ஆனியில் வந்தார். அடுத்த வருஷம் நல்ல மழை, நல்ல விளைச்சல், ஆனாலும் போனார்; அங்கே மேஸ்திரிக்கு அவர் கை பிடித்துவிட்டது, வேலை இருந்தது. பிறகு பொங்கலுக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும் மட்டும் வந்தார், பொட்டலத்தோடு, விருந்தாளி மாதிரி. தம்பி அவரை 'வாங்க' என்றுதான் கூப்பிட்டு வளர்ந்தான். கடைசியில் நெஞ்சில் கல்தூசியோடு வந்து படுத்து, ஒரு மழைக்காலம் முழுக்க இருமிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். படுத்திருந்த நாட்களில் அப்பி சத்தம் கேட்கும். அவரும் அம்மாவும் அதைக் கேட்பார்கள். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. 'கையில ஒட்டுச்சு' என்று நான் சொன்ன இரண்டு வார்த்தைதான் அவரைக் கல்லுக்கு அனுப்பியது என்று ஒரு பாரம் என்மேல் ஏறி உட்கார்ந்தது. டீச்சர் வேலை பார்த்தேன், பிள்ளைகளிடம் பொய் சொல்லாதே என்று முப்பது வருஷம் சொன்னேன், ஒவ்வொரு தடவையும் நாக்கு கொஞ்சம் கசந்தது.

இப்போது அந்தப் பக்கம் போனால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் காடும் சென்னப்பா காடும் சேர்ந்து ஒரு கம்பெனியின் மதில்சுவருக்குள் போய்விட்டன. ஷிப்டு முடிந்து வரும் பையன்கள் வேறு வேறு ஜில்லாத் தமிழ் பேசிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். மலையைக் கிரானைட்டுக்காக ஒரு பக்கம் நேராக அறுத்துவிட்டார்கள். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு பெருமழை விட்ட மறுநாள், என் மகன் காரில் கூட்டிப்போனான். அப்பி விழுந்த பாறையே இல்லை. மழைத்தண்ணீர் ஏதோ ஒரு மூலையில் வழிந்து, கல் எடுத்த பள்ளத்துக்குள் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. இன்றைக்கு எனக்கு நேரம் நிறைய இருக்கிறது, மழையும் வருகிறது.

அப்போது அம்மா என்னோடு ஓசூரில் இருந்தாள். எண்பத்தைந்து தாண்டி, கண் மங்கி, நினைவு மட்டும் மங்காமல். போய் வந்த கதையைச் சொன்னேன். சொல்லும்போது என்னையறியாமல் மீதியும் வந்துவிட்டது. "அம்மா, அன்னிக்குக் காத்தால மண்ணு உதுந்தத நான் பாத்தேன். அப்பா கேட்டப்ப நான் பொய் சொல்லிட்டேன். சொல்லியிருந்தா அவரு வூட்டுலயே இருந்திருப்பாரு." ஐம்பது அறுபது வருஷத்து அழுகை, வயதான பொம்பளை அழுவது பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனாலும் அழுதேன்.

அம்மா என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"நீ பாத்தது எனக்குத் தெரியாதாடி? திரும்பறேன், நீ பூச்சிய வச்சிகினு நிக்கற. எங்க உங்கப்பங்கிட்ட சொல்லிப்புடுவியோன்னுதான் கைய வுடாம கூட்டினு போனேன். நீ பொய் சொன்னப்புறம் இன்னும் பயம். சின்னப் புள்ள வாயில பொய் எத்தினி நேரம் நிக்கும்?"

"அதான் பாத்துட்டியேம்மா, கடைசியில. நூலா, சேலையா?" என்று நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டேன், அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று.

"நான் எங்கடி அப்பிய பாத்தேன்? உக்காந்திருந்த மட்டும் உன் வாயத்தான் பாத்துகினு இருந்தேன்" என்றாள்.

அவள் போய் மூன்று வருஷமாகிறது. தம்பியைக் கேட்டால் அவனுக்கு மலையேறியதே ஞாபகமில்லை. அப்பா அன்று காட்டைப் பார்த்தார், அம்மா என்னைப் பார்த்தாள், தம்பி தூங்கினான். நாலு பேர் போய், அந்தத் தண்ணீரைப் பார்த்தது நான் ஒருத்திதான்.